காக்காப்பொன்

வண்டிக்கு என்ன நிறம் என்று நான் கேட்பதில்லை.
எண் கேட்பேன்.
செந்தூல் சாயக்கடைக் கவுண்டரில் பதினோரு வருடம்.
வெள்ளி என்று ஒரு நிறம் கிடையாது.
வெள்ளியில் முப்பத்திரண்டு உண்டு, அதிலும்
வெயிலில் நின்ற வெள்ளி வேறு
கீழ்த்தளத்தில் தூங்கிய வெள்ளி வேறு.
தராசில் துளித்துளியாய் விட்டு
கடைசியில் ஒரு சிட்டிகை காக்காப்பொன் தூள்.
மைவிகளை மினுக்குவது அதுதான்.

முகப்பு நசுங்கி வந்த ஒரு கஞ்சிலில்
இருக்கைக்கு அடியில் கிடந்தது கல்.
இரண்டு கை கொள்ளும்.
வெள்ளைப் படிகத்தில்
ஈயக்கல் கருகருவென்று பல் முளைத்த மாதிரி.
சந்து சந்தாய்க் காக்காப்பொன்,
நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாய் உரியும்.
கம்பார் பக்கத்து ஈயலம்பக் கல்,
தூக்கிப் போடு என்றார் தவுக்கே.
வண்டியை எடுக்க வந்தவன் இன்சூரன்ஸ் ஆள்.
ஓட்டியவர் என்ன ஆனார் என்று
நான் கேட்டிருக்கலாம்.

படிவம் ஐந்தில் ஓவியம் எடுக்கவில்லை, கணக்கியல் எடுத்தேன்.
நிறம் ஒத்துப் பார்க்கும் அட்டைகள் மீந்து கிடந்தன,
பின்பக்கம் வெறுமை.
கல்லில் இருப்பதும் காக்காப்பொன்
டப்பாவில் இருப்பதும் காக்காப்பொன்
பிறகென்ன?
வரைந்தேன்.
கல் வரவில்லை, நெளிந்த பானட் வந்தது.
மறுநாளும் பானட்.
மாதம் முழுக்க என் அறைச் சுவரில்
சின்னச் சின்ன விபத்துகள்.

பகலில் கவுண்டரில் ரசீதுகளுக்குப் பாரம்.
இரவில் என் பையில் வீடு வரும்.
மினுக்கு ஓரிடத்தில் நிற்பதில்லை.
மூச்சு விட்டால் நகரும்,
இருமினால் பக்கத்து ஏட்டுக்குத் தாவிவிடும்.
கவிழ்த்த தின்னர் டின்னில் தாடையை ஊன்றி
ஒற்றைக் கண்ணை மூடிக்கொள்வேன்.
ஜன்னலுக்கு வெளியே எல்ஆர்டி கடக்கும்போது
மேசை நடுங்கி
முழுக் கல்லும் வேறு கல்லாகிவிடும்.
எனவே கடைசி ரயிலுக்குப் பிறகு.
எனவே காலையில் தலைவலியோடு
யாருடைய வெள்ளியையோ கலக்கிக்கொண்டு.

மினுக்குத் தூள் தீர்ந்துபோன ஒரு ராத்திரி
வேறு வழியில்லாமல்
சாம்பலும் காவியும் தொட்டு, ஓரத்தில் வெறும் வெள்ளை வைத்தேன்.
அட்டை பளிச்சென்றது.
பயந்துவிட்டேன்.
கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன், அப்போதும்.
மினுக்கு ஒரு நிறமே இல்லை.
மிகக் கருத்த இடத்தை ஒட்டி மிக வெளுத்த இடம்,
நடுவில் முடியளவுகூடச் சாம்பல் வரக் கூடாது.
அவ்வளவுதான்.
யாராவது சொல்லியிருந்தால்
இரண்டு வருடம் மிச்சம்.
சொல்லியிருந்தால் நம்பியிருக்கவும் மாட்டேன்.

தவுக்கே அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.
என்ன நம்பர் போட்டாய்?
மினுக்கே போடவில்லை என்றேன்.
விரலால் தடவி
விரலை முகர்ந்து பார்த்தார்.

போன வியாழக்கிழமை
கதவுக் கீறலுக்குச் சாயம் கேட்டு ஒருவர்.
ஏகாம்பரம், ரவாங்.
ரசீதுக் கட்டின் மேல் பார்வை நின்றது.
அட, என் கல்.

மூன்று வருடம் அந்த இருக்கையில்
ரத்தத்தோடு ஒருவரை உட்கார வைத்திருந்தேன் நான்.
முழுசாக நின்றார். பான் மென்றார்.
அந்தக் கஞ்சிலுக்கு ஹேண்ட் பிரேக் பிடிக்காதும்மா,
மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்தேன்.
அன்றைக்கு மறந்துபோச்சு.
வண்டி தானாக இறங்கிப் போய்ச் சுவரில் முட்டியது.
உள்ளே யாரா?
யாருமில்லையே.

அட்டைகளைக் காட்டினேன். நாற்பத்தேழு.
பொறுமையாகப் பார்த்தார்.
இது வேறு ஏதோ கல், இதில் வெளிச்சம் இருக்கு என்றார்.

சாயம் கலக்கும் நேரத்தில்
கல்லை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.
தராசில் எண் ஓடிக்கொண்டிருக்க, நானும் வாசலுக்குப் போனேன்.
சாக்கடைப் பக்கமாய்ச் சரிந்த தெரு.
புது வண்டிதான். பழக்கம் விடவில்லை போல.
பின்சக்கரத்துக்கு அடியில் அது செருகியிருந்தது,
இத்தனை நாளும் மேசையில் பதிந்திருந்த பக்கம்
மேலே தெரிய.

அந்தப் பக்கத்தை நான் வரையவே இல்லை.
நல்ல வெயில்.
நடு ரோட்டோரத்தில்
ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டேன்.